நெடுநல்வாடையும் ஆறு பத்து பஸ்ஸும்

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். குளிர்காலக் காலையில் வெளிச்சம் கொஞ்சம் முன்னதாகக் கிடைக்கும். அவர்களுக்காக தருமபுரி மாவட்டத்தின் ஒரு கிராமத்து வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு, நாலே முக்காலுக்கு முடிந்துகொண்டிருந்த கடைசி மீட்டிங் மறுநாளிலிருந்து ஐந்தே முக்காலுக்கு முடிகிறது. கார்த்திகை முதல் வாரத்தில் இங்கே சூரியன் 5:50க்கு முன்னாலேயே மறைந்துவிடும். லேப்டாப்பை மூடிவிட்டு வாசலுக்கு வந்தால், மேற்கில் பார்க்க மிச்சம் இருப்பது ஐந்து நிமிஷம். உங்கள் பகல் சேமிப்பெல்லாம் என் கணக்கிலிருந்துதான் கழிக்கப்படுகிறது என்று ஒரு காலில் சொன்னேன். நல்ல ஜோக் என்று சிரித்தார்கள்.

அந்த மாலை வெளிச்சத்துக்கு வீட்டில் இன்னொரு பங்காளியும் உண்டு. தங்கை தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வரும் டவுன் பஸ் 6:10க்கு மெயின் ரோட்டில் நிற்கும். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். கொஞ்ச தூரம் புளியமரங்கள், பிறகு ஏரிக்கரை, பிறகு கேழ்வரகுக் காடு. பாதிக்கு மேல் தெருவிளக்கு கிடையாது. ஜூன் மாதத்தில் பொழுது சாய 6:45 ஆகும், அவள் தனியாகவே வந்துவிடுவாள். ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "பொழுதோட போயி கூட்டிட்டு வந்துரு கண்ணு." மூன்று வருஷமாக என்னுடைய குளிர்கால நடை என்பது இதுதான். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு.

இதை வைத்துத்தான் முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். பனிக்காலத்துச் சிறு நடைகள், அருகிவரும் வெளிச்சம், தனிமை, இத்யாதி. நண்பர்கள் பாராட்டினார்கள். தங்கைக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கும்போது சொன்னாள்: "நல்லாதான் இருக்கு. ஆனா நீ வாக்கிங் போறேண்ணா, நான் வீட்டுக்கு வர்றேன். ரெண்டும் ஒரே ரோடுதான்."

அந்தக் கட்டுரையில் அவள் இல்லை. நான் போகும் தூரம் மட்டும் இருந்தது. திரும்பி வரும் தூரம் இல்லை.

*

இப்போது அதைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியும். ஹாஸ்லிட் 1822இல் எழுதிய பயணக் கட்டுரையிலிருந்து தனிமை. தோரோ 1843இல் எழுதிய குளிர்கால நடையிலிருந்து, வெளியே உறைந்த வயலும் உள்ளே எரியும் அடுப்பும். ராபர்ட் வால்சர் 1917இல் எழுதிய 'நடை'யிலிருந்து அந்த லேசான அசட்டுத்தனம். வால்சர் 1956 கிறிஸ்துமஸ் அன்று பனியில் நடக்கப் போன இடத்திலேயே விழுந்து இறந்தார் என்ற தகவல் வேறு. நடையைப் பற்றி இணையத்தில் எழுதும் எவரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. நானும் விடவில்லை.

இவர்களை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. தோரோவின் அந்தக் கட்டுரை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அவர் ஊரான கான்கார்டில் டிசம்பர் பின்பாதியில் பகல் ஒன்பது மணி நேரம்தான். லண்டனில் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. தருமபுரியில்? ஆண்டின் மிகக் குறுகிய பகலே 11 மணி 24 நிமிடம். மிக நீண்ட பகல் 12 மணி 50 நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூட இல்லை. இன்னொன்று, நம் பக்கத்தில் சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நாள் மார்கழியில் வருவதில்லை. அது நவம்பர் பின்பாதியில், கார்த்திகைத் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறது. மார்கழியில் மாலை நீள ஆரம்பித்திருக்கும். காலைதான் ஜனவரி கடைசிவரை தள்ளிக்கொண்டே போகும். பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையின் நீள்வட்டமும் சேர்ந்து செய்கிற வேலை. நான் 'மார்கழி மாலையில் பகல் கண்ணெதிரே சுருங்குகிறது' என்று எழுதியிருந்தேன். அது ஒரு இங்கிலீஷ் டிசம்பர்.

சரி, கணக்குப்படி இங்கே வெளிச்சப் பஞ்சம் இல்லை. அப்படியென்றால் அம்மாவின் பயம்? அது எந்தக் கட்டுரையிலிருந்தும் வந்ததல்ல. ஒன்றரை மணி நேர வித்தியாசம் என்னைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை. தங்கையைப் பொறுத்தவரை, தனியாக வரலாமா கூடாதா என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. இந்தக் குடைச்சலோடுதான் நெடுநல்வாடையைத் திரும்ப எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பத்துப்பாட்டின் ஏழாவது பாட்டு, நக்கீரர், 188 அடி என்று ஒரு மார்க்குக்குப் படித்ததோடு சரி. பிறகு பொறியியல் படிக்கப் போனவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

*

நெடுநல்வாடையைப் பற்றி நம்மிடம் இருக்கும் பேச்சில் பெரும்பகுதி ஒரே வழக்கைச் சுற்றித்தான்: அது அகமா, புறமா? அகப்பாட்டில் யாருடைய பெயரும் சுட்டப்படக்கூடாது. இதில் பெயர் இல்லை. ஆனால் கடைசிப் பகுதியில் ஒரு வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் முடித்துவிட்டார். உ.வே.சா. 1889இல் அந்த உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து இன்றுவரை, வகுப்பறையில் அந்த ஒரு கொத்து வேப்பம்பூவையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

தலைப்புக்குச் சொல்லும் விளக்கமும் அப்படித்தான். கணவனைப் பிரிந்த அரசிக்கு அந்த வாடை நெடியது, போர்க்களத்தில் வெல்லும் அரசனுக்கு அது நல்லது, அதனால் நெடு-நல்-வாடை. அழகான விளக்கம். ஆனால் பாட்டு அரசியிலும் தொடங்கவில்லை, அரசனிலும் தொடங்கவில்லை. மாடு மேய்ப்பவர்களில் தொடங்குகிறது. வெள்ளத்துக்குப் பயந்து மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போய், பழகிய இடத்தை விட்டு வந்த வருத்தத்தோடு, கையை நெருப்பில் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, பல் கிட்டித்து நிற்கிறார்கள். விலங்குகள் மேய மறந்துவிட்டன. குரங்கு நடுங்குகிறது. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைக்கிறது. இவர்களுக்கு அந்த வாடை நெடியதா, நல்லதா? தலைப்பு விளக்கத்தில் இவர்களுக்கு இடமே இல்லை.

அடுத்து ஊர். இங்கேதான் நான் நின்றுவிட்டேன். கட்டுமஸ்தான ஆட்கள் கள்ளைக் குடித்துவிட்டு, தூறலைச் சட்டை செய்யாமல், பகல் போன பிறகும் அகன்ற தெருவில் மனம்போனபடி திரிகிறார்கள். அதற்கு அடுத்த வாக்கியம் பெண்களைப் பற்றியது. மேகமூட்டத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. பூத்தட்டில் பறித்துப் போட்டிருந்த பிச்சி அரும்பு இதழ் விரிந்து மணக்கிறது. அந்த மணத்தை வைத்து மாலை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள். இரும்பு விளக்கில் ஈரத் திரியைக் கொளுத்தி, நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறார்கள்.

இந்தப் பிச்சி இடம் புகழ்பெற்றதுதான். சங்கப் பாடல்களின் நுட்பத்துக்கு உதாரணமாக இதை எடுத்துக்காட்டாதவர்கள் குறைவு. நுட்பம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை அதற்கு முந்தைய வாக்கியத்திலிருந்து வெட்டி எடுத்துத்தான் காட்டுகிறோம். சேர்த்துப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. தெருவில் திரியும் ஆட்களுக்குப் பொழுது தெரிய வேண்டிய தேவையே இல்லை. பகல் இருந்தாலும் போனாலும் தெரு அவர்களுடையது. பொழுது எப்போது போகிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் பெண்கள். தெரியாவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான் என்பதால், வானம் கைவிட்ட நாளிலும் அதை ஒரு பூவிலிருந்து கறந்து எடுக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பேச்சில் பொழுது என்றால் சூரியன். பொழுது கிளம்பிடுச்சு, பொழுது சாஞ்சுடுச்சு என்போம். பொழுது என்றால் நேரமும்தான். பொழுதோட என்றால் சாயங்காலம். இருட்டுக் கட்டுவதற்குள் என்ற அவசரமும் அதில் இருக்கும். நெடுநல்வாடையின் பெண்கள் 'பொழுது' அறிவதில் இத்தனையும் இருக்கிறது. பிச்சியை இங்கே ஜாதிமல்லி என்கிறோம். மல்லி, முல்லையெல்லாம் விடிவதற்குள் அரும்பாகவே பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், சாயங்காலம் தலையில் இருக்கும்போது விரியட்டும் என்று. பூவுக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விலையும் அதை வைத்துத்தான்.

பாட்டின் காலம் கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். மேலே சொன்ன கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிலேயே சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அந்தப் பருவத்தில்தான். அதையும் மழை மேகம் மூடிவிடுகிறது. நக்கீரருக்கு நிமிடக் கணக்கு தேவைப்படவில்லை. ஆனால் எந்தப் பருவத்தில் மாலை திருட்டுத்தனமாக வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

*

பிச்சிக்கு அடுத்து வீட்டுப் புறாக்கள் வருகின்றன. இரவா பகலா என்று புரியாமல், இரை தேடவும் போகாமல், உட்கார்ந்த மரக்கட்டையில் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கின்றன. (வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் லேசாகச் சிரிக்கலாம்.) பிறகு அரண்மனை. உண்மையைச் சொன்னால் இங்கே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. நாற்பது வயது யானையின் தந்தத்தில் செய்த கட்டில் கால், அதன் வேலைப்பாடு, மெத்தை என்று நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பகுதியைச் சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு பணக்கார வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஒவ்வொரு ரூமாகக் காட்டப்படுவது போல இருந்தது.

ஆனால் அரண்மனைக்கு அளவு போட்ட விதத்தைச் சொல்லும் இடத்தை விட்டுவிடக்கூடாது. இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்திருக்கிறார்கள். சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில், நூல் பிடித்துத் திசை குறித்து மனை வகுத்திருக்கிறார்கள். உரைகாரர் அதைச் சித்திரை என்கிறார். நம் அட்சரேகையில் அது பொருந்தும். தருமபுரியில் ஏப்ரல் 23 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நட்ட கோலுக்கு நண்பகலில் நிழலே இராது. அதே இடத்தில் டிசம்பர் கடைசியில் நண்பகலில் நின்றால் ஐந்தரை அடி ஆளுக்கு வடக்கே நாலடி நிழல் விழும்.

சூரியனே இல்லாத பாட்டின் நடுவில், சூரியனை முழுதாகக் கையில் பிடித்து அளந்து கட்டிய ஒரு வீடு. வெளியே யாருக்கும் பொழுது தெரியவில்லை. உள்ளே சுவரெல்லாம் ஒரு நண்பகலின் மேல் நிற்கிறது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் இதற்குப் பிறகு பாட்டில் வரும் வெளிச்சம் ஒவ்வொன்றும் யாருடையது என்று குறிக்கப்பட்டே வருகிறது. மாடு மேய்ப்பவர்களுக்கு முன்பே சுள்ளி நெருப்பு. ஊர்ப் பெண்களுக்கு இரும்பு விளக்கு, ஈரத் திரி. அரண்மனைக்கு யவனர் செய்த பாவை, அதன் கையிலிருக்கும் அகல் நிறைய நெய், பருத்த திரி. அரசிக்கு மேலே விதானத்தில் எழுதிய வானம். மேஷத்தில் தொடங்கும் ராசிகளின் ஊடே சூரியன் போவதும், சந்திரனை விட்டுப் பிரியாத ரோகிணியும் அங்கே ஓவியமாக இருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அவள் பெருமூச்சு விடுகிறாள். அந்த வீட்டில் இல்லாத வசதி இல்லை, ஆனால் அவளுக்குக் கிடைத்த சூரியன் வரைந்த சூரியன்.

வெளிச்சப் பஞ்சம் என்பது எத்தனை மணி நேரம் என்ற கேள்வி மட்டும் அல்ல. இருக்கும் வெளிச்சம் யார் கைக்கு எப்படி வருகிறது என்பதும்தான். நடைக் கட்டுரைகளில், என்னுடையது உட்பட, எல்லோருக்கும் ஒரே சூரியன் ஒரே நேரத்தில் மறைகிறது. நெடுநல்வாடையில் அப்படி இல்லை. அதனால்தான் அகமா புறமா வழக்கு எனக்கு இரண்டாம்பட்சமாகத் தெரிகிறது. வேப்பம்பூவைத் தேடிப் போகிற அவசரத்தில் விளக்குகளை எண்ணாமல் விட்டுவிட்டோம்.

*

பாட்டு ஒரு சின்ன நடையில் முடிகிறது. நள்ளிரவு, பாசறை. வாடைக் காற்று வடக்கிலிருந்து அடிக்க அடிக்க விளக்குகளின் சுடர் தெற்கே வளைகிறது. திசையை இங்கே நிழல் காட்டவில்லை, சுடர் காட்டுகிறது. நண்பகலில் நட்ட அந்தக் கோல்களுக்கு நள்ளிரவில் இது பதில். வேப்பம்பூ கட்டிய வேலோடு ஒருவன் முன்னால் போய், புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். தூறலில் நனைந்த குதிரைகள் உடம்பைச் சிலிர்த்து உதறுகின்றன. அரசன் நழுவி விழும் மேலாடையை இடது பக்கம் அணைத்துக்கொண்டு, தோளில் வாள் தொங்கும் ஓர் இளைஞனின் தோள்மேல் கையை வைத்தபடி, தூங்காமல் நடக்கிறான்.

அரசனின் கடமையுணர்வு, அன்பு, இதெல்லாம் இங்கே வழக்கமாகச் சொல்லப்படுபவை. மறுக்கவில்லை. தங்கையிடம் இந்த இடத்தைக் கதையாகச் சொன்னேன், புளியமரங்களைத் தாண்டும்போது. அவள் கேட்டாள்: "அப்போ ராஜாவையும் ஒருத்தன் கூட்டிட்டுதான் வர்றானா?"

நான் அப்படி யோசித்ததில்லை. அந்தப் பாட்டில் மனம்போனபடி தனித்தனியாகத் திரிபவர்கள் அந்தக் குடிகாரர்கள் மட்டும்தான். அரசனுக்குக்கூட இருட்டில் முன்னால் ஒரு வேலும் கைக்கடியில் ஒரு தோளும் வேண்டியிருக்கிறது. ஹாஸ்லிட்டின் தனிமையை நான் எந்த நிலத்தில் நட்டுப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இதற்கு நேர் எதிர் முனை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரைக்குப் போகும் வழியில் வெயில் தாங்காமல், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நிலவொளியில் இரவில் நடப்பது என்று முடிவு செய்கிறார்கள். அங்கே பகல்தான் எதிரி. இரவில் நடக்கலாம் என்பதற்குக் கோவலன் சொல்லும் காரணம் நிலவு மட்டுமல்ல. பாண்டியன் ஆட்சியில் கரடி, புலி, பாம்புகூட வழிப்போக்கருக்குத் தீங்கு செய்யாதாம். ஒரு பெண் இரவில் நடக்க முடிவதை அந்தக் காவியம் நேரடியாக அரசாட்சியின் கணக்கில் எழுதிவிடுகிறது. அதே பாண்டியன் ஆட்சியில் அந்த நம்பிக்கையைச் சொன்னவன் கொல்லப்படுகிறான் என்பதும் நமக்குத் தெரியும். நடையை வெறும் அழகியலாக எழுதுவது நம் மரபில் ஏன் அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு இந்த இரண்டு இடங்களுமே போதும் எனக்கு.

2021 முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் போகலாம். அந்தத் திட்டத்துக்குப் பெயர் விடியல் பயணம். தங்கை வேலைக்குப் போவதே கட்டுப்படியாவது அதனால்தான், நல்ல திட்டம். பஸ் விட்டு இறங்கிய பிறகு இருக்கும் இரண்டு கிலோமீட்டர் அதில் சேராது.

*

இப்போது தை. ரோட்டில் காயப்போட்ட கொள்ளைப் பனி விழுவதற்குள் கூட்டி அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஐந்தரைக்குமேல் வெளிச்சம் வீண். ஏரிக்கரைக்குப் பக்கத்து வயலில் ஒரு நடுகல் உண்டு, பாதி மண்ணுக்குள். வருஷம் முழுக்க வெறும் பாறைபோல இருப்பது, தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழும் இந்தப் பத்து நிமிஷத்தில் மட்டும் ஒரு ஆளாக எழும். ஓங்கிய கை, வில், காலடியில் ஒரு மாடு. மீட்டிங் இல்லாத சனிக்கிழமைகளில் மட்டும் நான் அதைப் பார்க்கிறேன். தங்கைக்குச் சனிக்கிழமையும் வேலை, அந்த வெயிலில் அவள் பஸ்ஸுக்குள் இருப்பாள். போனில் படம் எடுத்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறாள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் சூரியன் 6:10க்கு மறைந்தது. பஸ் வரும் நேரமும் அதே. இறங்கி நடக்கும்போது மேற்கே இன்னும் வெளுப்பு இருந்தது, டார்ச்சை அணைத்துவிட்டோம். அடுத்த வாரத்திலிருந்து நீ வர வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அதையே சொன்னாள். அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "மாசி வரட்டும் பாக்கலாம்" என்றாள்.